சூடம் அணைத்த அத்தியாயம்

‘அவன் அவள் காதோரம் குனிந்து, அவளுக்கு மட்டும் கேட்கும்படி, இனி உன்னைக் கலங்க விடமாட்டேன் என்று கிசுகிசுத்தான்.’ இந்த வரியை நான் முதன்முதலில் கேட்டது, தொண்டை கிழியக் கத்தும் ஒரு பெண்ணின் குரலில். பின்னால் விசைத்தறிகள் வரிசையாக ஓடிக்கொண்டிருந்தன. அந்தச் சத்தத்துக்கு மேலே தன் குரலை ஏற்றித்தான் அந்த அக்கா தன் கதாநாயகனைக் கிசுகிசுக்க வைத்தார். அடுத்த வரி வருவதற்குள், “ஏனுங்க, கடைசித் தறி நிக்குது பாருங்க” என்று அதே குரலில் கணவரைக் கூப்பிட்டார். பிறகு மூச்சு வாங்கிக்கொண்டு, “எங்க உட்டேன்? ஆங், கிசுகிசுத்தான். அவ கண்ணுல தண்ணி. எழுதிக்க கண்ணு” என்றார். சிங்காநல்லூரில் எங்கள் வீட்டுச் சமையலறையில், குழந்தை தூங்கும் மதிய நேரத்தில், காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு அதை நான் தட்டச்சு செய்தேன். இரண்டு வருடத்துக்குச் சற்றுக் கூடுதலாக இப்படித்தான் நாங்கள் வேலை செய்தோம்.

அவருக்குச் சோமனூர் பக்கம். வீட்டை ஒட்டியே தறிக்குடோன். கணவரும் அவரும்தான் தறிகளைப் பார்த்துக்கொண்டார்கள். கையில் நூல் இருக்கும், வாயில் கதை இருக்கும். கைப்பேசிச் செயலி ஒன்றில் அவர் தொடர்கதைகள் வெளியிட்டு வந்தார். தொடக்கத்தில் தானே தட்டச்சு செய்து போட்டிருக்கிறார். என் மகள் பிறந்து நான் அம்மா வீட்டில் இருந்தபோது அந்தக் கதைகளுக்கு வாசகியானேன். பால் கொடுக்கும் நேரத்தில் வேறு என்ன செய்வது? தமிழ் இலக்கியத்தில் முதுகலை படித்து, இரண்டு வருடம் பள்ளியில் பாடம் நடத்தியவள் நான். கதையை ரசித்துக்கொண்டே ஒற்றுப் பிழைகளைக் கருத்துப் பகுதியில் சுட்டிக்காட்டிவிடுவேன். எழுதிய பிறகு, பொதுவில் இப்படிச் சொல்லியிருக்கக் கூடாதோ என்று சங்கடமாக இருக்கும், மன்னிப்புக் கேட்டு இன்னொரு கருத்து எழுதுவேன். ஒருநாள் அவரிடமிருந்தே தனிச்செய்தி வந்தது. “தப்பையும் சொல்லிப்போட்டு மன்னிப்பும் கேக்கறதுக்கு, நீயே திருத்திக் குடுத்துடேன் அம்மணி. எனக்கும் நேரமில்ல. நான் சொல்றேன், நீ எழுது.” அப்படித்தான் தொடங்கியது.

அவருடைய எல்லாக் கதைகளிலும் ஒரே ஒரு விஷயம்தான் நடக்கும். ஒரு ஆண் மாறுவான். முதல் அத்தியாயத்தில் குடிப்பான், அடிப்பான். கடைசி அத்தியாயத்தில் மனைவியின் தலையில் பூ வைப்பான். இடையில் எங்கோ ஓர் அத்தியாயத்தில் அவன் திரும்புவான். அந்த ஓர் அத்தியாயத்துக்காகத்தான் வாசகிகள் காத்திருப்பார்கள். ‘எப்போ அக்கா திருந்துவான்?’ என்று தினமும் கேட்பார்கள். திருந்திய அன்று பூங்கொத்துப் படங்களாக வந்து குவியும். எனக்கு அந்த இடம் மட்டும் எப்போதும் இடறும். ஒரு கதையில் குழந்தைக்குக் காய்ச்சல் வந்ததால் திருந்தினான். இன்னொன்றில் தாய் இறந்ததால். வேறொன்றில், மனைவி ஒன்றும் பேசாமல் ஒரு பார்வை பார்த்ததால். “ஒரு பார்வைக்குப் பத்து வருசக் குடி போயிருமாங்க அக்கா? காரணம் பத்தலீங்க” என்று கேட்டால் அவருக்குக் கோபம் வராது. “பத்தலதான். எனக்கும் பத்தல. அடுத்த கதையில வேற ஒண்ணு வெச்சுப் பாக்கலாம்” என்பார். வாடிக்கையாளருக்கு வேறு நிறத்தில் துணி காட்டுவது போலச் சொல்கிறாரே என்று நினைத்துக்கொள்வேன்.

அந்தப் பேச்சின் பொருள் எனக்குப் புரிந்தது அவர் வீட்டுக்குப் போனபோதுதான். என் மகள் அப்போது தூக்கத்துக்குப் படாத பாடு படுத்துவாள். மிக்சி ஓடினால் எழுந்துகொள்வாள், குக்கர் விசிலுக்கு அலறுவாள். அவளைத் தூக்கிக்கொண்டு தறிக்குடோனுக்குள் போகவே பயந்தேன். காது பாதிக்குமோ, நூல்தூசு மூச்சுக்கு ஆகுமோ என்று வழியெல்லாம் கைப்பேசியில் தேடிக்கொண்டே போனேன். தடுப்புச் சுவருக்கு இந்தப் பக்கம் அக்கா ஒரு சேலையில் தொட்டில் கட்டியிருந்தார். போட்ட கொஞ்ச நேரத்தில் மகள் தூங்கிப்போனாள், எந்த வீட்டிலும் தூங்காத தூக்கம். “அதுக்குச் சத்தம் பிரச்சனை இல்ல கண்ணு. உட்டுஉட்டு வர்ற சத்தந்தான் பிரச்சனை” என்று அக்கா சிரித்தார். அவர் கணவர் இரண்டு தறிகளுக்கு நடுவில் நின்று எங்களைப் பார்த்துத் தலையசைத்துவிட்டுத் திரும்பிக்கொண்டார். ஒல்லியான, கூன் விழத் தொடங்கிய மனிதர். நான் அண்ணன் என்று கூப்பிடுவேன். அவர் என்னோடு பேசிய வார்த்தைகள் குறைவு.

அன்று மதியம் சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்திருந்தபோது, புடவை நிறம் சொல்வது போல இயல்பாக அக்கா சொன்னார். “எங்கூட்டுக்காரரு அந்தக் காலத்துல என் கதைல வர்றவனுக எல்லாரையும் தூக்கிச் சாப்புட்டுருவாரு.”  குடியும் அடியுமாகப் பல வருடம். ஒவ்வொரு முறை சண்டை முற்றும்போதும் இரண்டு பக்கத்துப் பெரியவர்களும் கூடுவார்கள். குலதெய்வக் கோயிலில் சூடம் ஏற்றுவார்கள். எரிகிற சூடத்தை உள்ளங்கையால் அணைத்து, இனித் தொடமாட்டேன் என்று அவர் சத்தியம் செய்வார். எல்லோரும் நிம்மதியாகச் சாப்பிட்டுவிட்டுக் கிளம்புவார்கள். “சத்தியம் பண்ணின அன்னைக்குக் கண்டிப்பாக் குடிப்பாரு. அந்தப் படபடப்புக்கே குடிக்கோணும் அவுருக்கு.” பிறகு ஒருநாள், கோயில் இல்லை, சூடம் இல்லை, கூட்டம் இல்லை, குடிப்பதை விட்டுவிட்டார். சாயங்காலம் வீட்டிலேயே இருந்தார். மறுநாளும் இருந்தார். அதன்பிறகு குடிக்கவே இல்லை.

“ஏன் உட்டாருங்க அக்கா?”

“தெரியாது.”

“கேக்கலீங்களா?”

“எப்படிக் கேக்கறது? கேட்டு, அவுரு அதை நெனச்சுப் பாத்து, அது கலைஞ்சு போயிருச்சுன்னா?”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. காய்ச்சல், தாயின் மரணம், மனைவியின் பார்வை என்று அவர் கதைக்குக் கதை காரணங்களை மாற்றிக்கொண்டே போனது வாசகிகளுக்காக அல்ல. வீட்டில் நடந்த ஒன்றுக்குப் பொருந்தும் சாவியைத்தான் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். மாறியவனோடு வாழ்ந்துகொண்டே, ஏன் மாறினான் என்று தெரியாமல் இருப்பது எப்படிப்பட்ட நிம்மதி என்று எனக்கு விளங்கவில்லை. நானாக இருந்தால் ஒரு வாரத்தில் கேட்டிருப்பேன். கேட்டுக் கெடுத்தும் இருப்பேன்.

இது தெரிந்த பிறகு அந்தக் கதைகளைத் தட்டச்சு செய்வது வேறு மாதிரி ஆகிவிட்டது. காரணம் பத்தவில்லை என்று சொல்வதை நிறுத்திக்கொண்டேன். அதனால்தானோ என்னவோ, அதற்கடுத்த கதையில் அவர் சூடம் அணைக்கும் காட்சியை எழுதியபோது நான் மறுத்துப் பேசவில்லை. கதாநாயகி கணவனின் அடி தாங்காமல் குழந்தையோடு அம்மா வீட்டுக்கு வந்துவிடுகிறாள். பெரியவர்கள் கூடுகிறார்கள். அவன் சூடத்தை அணைக்கிறான், உள்ளங்கை கன்றிப்போகிறது, அவள் ஓடிவந்து அந்தக் கையைப் பிடித்துக்கொள்கிறாள். சொல்லும்போதே அக்காவுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். “நெசத்துல இது வேலைக்கு ஆகாது கண்ணு. ஆனா கதைக்குச் சூடம் நல்லா எரியும்” என்றார். எரிந்தது. அவர் எழுதியதிலேயே அதிக விருப்பக்குறிகள் வாங்கிய அத்தியாயம் அதுதான். வாசகிகள் உருகிப்போனார்கள். அவரவர் அப்பாவையும் ஊர்க் கோயிலையும் சொல்லி, ‘எங்க ஐயனும் இப்படித்தான் விட்டாருங்க’ என்று எழுதினார்கள். நானும் ஒவ்வொன்றுக்கும் நன்றி தட்டிக்கொண்டிருந்தேன், எழுத்தாளரின் சார்பில் பதில் போடுவது என் வேலை.

அந்தக் கூட்டத்தில்தான் கோபிசெட்டிபாளையத்துப் பெண்ணின் கருத்து வந்தது. தொடர்ந்து படிப்பவள். கைக்குழந்தையோடு அம்மா வீட்டில் ஆறு மாதமாக இருப்பதாக முன்பே ஒருமுறை எழுதியிருந்தாள். மற்றபடி, இன்று கதை சின்னதாக இருக்கிறது என்றோ, வில்லி பேசியது சரியான பேச்சு என்றோ ஒரு வரி எழுதுவாள். இந்த முறை நீளமாக இருந்தது. ‘அக்கா, அப்படியே எங்க கதைங்க. வர்ற ஞாயித்துக்கெழம எங்கூட்டுக்கு ரெண்டு பக்கத்து ஆளுகளும் வர்றாங்க. அவரும் சூடம் அணைக்கறேன்னு சொல்லியிருக்காரு. ஒரே கொழப்பமா இருந்துது, போனா மறுபடி கை ஒடிஞ்சுதுன்னா என்ன பண்றதுன்னு. உங்க கதையப் படிச்சதும் மனசு லேசாயிருச்சுங்க. போயிரலாம்னு இருக்கேன்.’ கீழே சிரிக்கும் முகம் ஒன்று.

மறுபடி கை ஒடிந்தால் என்று எழுதியிருந்தாள். அப்படியானால் ஒருமுறை ஒடிந்திருக்கிறது. மகளுக்கு ஊட்டிக்கொண்டிருந்த பருப்புச் சோறு என் கையிலேயே காய்ந்துபோயிற்று. அவள் வாயைத் திறந்து திறந்து பார்த்துவிட்டு அழத் தொடங்கினாள். அக்காவைக் கூப்பிட்டேன், எடுக்கவில்லை. மறுபடி கூப்பிட்டபோது தறிச் சத்தத்தோடு எடுத்தார். படித்துக் காட்டினேன். 

“கதையப் படிச்சுப்போட்டு யாராச்சும் குடும்பம் நடத்துவாங்களா? அது ஒரு பேச்சுக்கு எழுதியிருக்கும்.”

“லேசாயிருச்சுன்னு எழுதியிருக்காங்க அக்கா.”

“லேசானா நல்லதுதான? பாவம், ஆறு மாசமா என்ன பாடு பட்டிருக்கும்?”

“நீங்கதான சொன்னீங்க, அன்னைக்குக் கண்டிப்பாக் குடிப்பாங்கன்னு.”

“அது எங்கூட்டுக்காரரு. எல்லாரும் அப்படியா? அந்தப் பையன் நெசமாவே திருந்தறவனா இருந்தா? நாம தடுத்துப்போட்ட மாதிரி ஆகாதா?” அவர் குரலில் எரிச்சல் ஏறியிருந்தது. “நீ எல்லாத்துக்கும் பயந்துக்கற புள்ள அம்மணி. போன வெய்யி, நூல் அறுந்துருச்சு.”

நான் எல்லாவற்றுக்கும் பயப்படுகிறவள் என்பது உண்மை. அதனாலேயே என் பயத்தை நானே நம்புவதில்லை. சாயங்காலம் கணவரிடம் சொன்னேன். பம்பு கம்பெனியில் வேலை முடிந்து வந்து, மகளை முதுகில் ஏற்றிக்கொண்டு யானை விளையாடிக்கொண்டிருந்தார். “கதைக்குப் போய் யாராவது இப்படிப் பதறுவாங்களா? அந்தப் பொண்ணுக்கு அப்பா அம்மா இருக்காங்க. அவங்க பாத்துப்பாங்க” என்றார். அப்பா அம்மா இருக்கிறார்கள், அவர்கள்தான் கூட்டத்தையே கூட்டியிருக்கிறார்கள் என்று சொல்ல வாயெடுத்து நிறுத்திக்கொண்டேன். என்னை ஒரு சொல் கடிந்து பேசியிராத மனிதரோடு வாழ்கிறவள், முகம் தெரியாத ஒருத்தியின் குடும்பத்தைப் பற்றிக் கருத்துச் சொல்வதா? என் நிம்மதியான வீட்டிலிருந்து அவளைப் ‘போகாதே’ என்பது சுலபம். ஊர் என்ன பேசும், தம்பிக்குப் பெண் கிடைக்குமா, குழந்தை அப்பாவைத் தேடுமா என்பதெல்லாம் அவளுடைய கணக்கு. ஆனால் ஒன்றும் சொல்லாமல் இருந்து, ஞாயிற்றுக்கிழமை அவள் போய், கை மறுபடி ஒடிந்தால்? அந்த அத்தியாயத்தை எழுத்துப் பிழை பார்த்து ஏற்றிவிட்ட விரல் என்னுடையது. துணி மடித்தேன், மடித்ததையே பிரித்து மடித்தேன். அவளுடைய கருத்தைத் திறந்து, பதில் எழுதி, அழித்து, மறுபடி எழுதினேன்.

மறுநாள் மதியம் அக்காவிடமிருந்து குரல்பதிவு வந்தது. திறந்தேன், சத்தமே இல்லை. இயர்போன் கெட்டுவிட்டது என்று நினைத்துக் கழற்றி மாட்டினேன். பிறகுதான் அக்கா பேசுவது கேட்டது. தறிகள் ஓடவில்லை. அவர் கத்தாமல் பேசி நான் கேட்டதே இல்லை. மெல்லிய, கொஞ்சம் சின்னப் பெண் மாதிரியான குரல் அவருக்கு.

“கேட்டுப்போட்டேன் கண்ணு” என்று தொடங்கினார். காலையில் கணவருக்குச் சோறு போட்டுவிட்டு, கோபிப் பெண்ணின் விஷயத்தைச் சொல்லி, “நீங்க ஏனுங்க உட்டீங்க? அந்தப் புள்ளைக்கு ஒரு வார்த்த சொல்லோணும்” என்று கேட்டிருக்கிறார். அவர் எழுந்து போய்த் தறிகளை ஒவ்வொன்றாக நிறுத்தியிருக்கிறார். கோபத்தில் எழுந்து போகிறார் என்றே அக்கா பயந்தாராம். எல்லாம் நின்ற பிறகு வந்து உட்கார்ந்து, “எனக்குத் தெரியாது” என்று சொல்லியிருக்கிறார். “அன்னைக்கும் குடிக்கப் போகலாம்னுதான் சட்டையப் போட்டேன். போகல. ஏன் போகலைன்னு இன்னைக்கு வரைக்கும் தெரியல. தெரிஞ்சா தைரியமா இருப்பேன். தெரியாம வந்தது தெரியாமயே போயிருமோன்னு எனக்குத் தெனமும் பயம். என்னையக் காட்டி அந்தப் புள்ளைகிட்டப் பேசாதே.”

அக்கா அழுதிருக்க வேண்டும், பதிவில் ஒரு இடைவெளி இருந்தது. பிறகு, “கொஞ்ச நேரங்கழிச்சு அவுரே வந்து சொன்னாரு கண்ணு. பேசறதா இருந்தா முழுசாச் சொல்லு. சூடம் அணைச்சதையும் சொல்லு, அன்னைக்குச் சாயந்திரமே குடிச்சுப்போட்டு வந்ததையும் சொல்லு, உன்ற பல்லு போனதையும் சொல்லு. உட்டதையும் சொல்லு. எதையும் உடாதேன்னாரு. அந்தப் புள்ளையோட நம்பரு வாங்கிக் குடு.”

செயலியில் அவளுக்குத் தனிச்செய்தி அனுப்பி எண் வாங்கினேன். அக்கா அவளுக்கென்று ஒரு பதிவு செய்து, பழக்கதோஷத்தில் என்னிடம் அனுப்பினார், சரிபார்த்து அனுப்பச் சொல்லி. நான் கேட்டேன். கதை சொல்வதில் கெட்டிக்காரியான அந்தப் பெண்மணி அதில் தடுமாறினார், சொன்னதையே சொன்னார், பல் போன நாளைச் சொல்லும்போது சிரித்தார். போ என்றும் சொல்லவில்லை, போகாதே என்றும் சொல்லவில்லை. “கதைல நான் எழுதினது எனக்கு நடக்காதது அம்மணி. நடக்கோணும்னு ஆசப்பட்டது. நடந்தது வேற, அது எப்படி நடந்துச்சுன்னு எங்க ரெண்டு பேருக்குமே தெரியாது. அதனால எப்படித் திருத்தறதுன்னு என்னால சொல்ல முடியாது” என்று முடித்திருந்தார். திருத்துவதற்கு எனக்கு அதில் ஒன்றும் இல்லை. அப்படியே அனுப்பினேன். அவள் கேட்டதற்கான அடையாளம் உடனே விழுந்தது. பதிலாக ‘நன்றிங்க’ என்று ஒரு சொல் வந்தது. சிரிக்கும் முகம் இல்லை.

அந்த வாரம் முழுவதும் நான் எதிலும் ஒட்டவில்லை. அவளுடைய லேசான மனதை நாங்கள் கனமாக்கிவிட்டோம், அது மட்டும் நிச்சயம். ஞாயிற்றுக்கிழமை மாமனார் வீட்டில் விருந்து. பரிமாறிக்கொண்டே கைப்பேசியைப் பார்த்தேன். “அம்மணி, ரசத்த எலைக்கு வெளிய ஊத்தறே” என்று மாமியார் சொன்னார். சூடம் ஏற்றியிருப்பார்கள். அணைத்திருப்பான். பையில் துணி எடுத்து வைத்துக்கொண்டிருப்பாள். ஒவ்வொரு நேரத்துக்கும் ஒரு காட்சி மனதில் ஓடியது, எல்லாமே நான் தட்டச்சு செய்த அத்தியாயங்களின் காட்சிகள்.

திங்கட்கிழமை அவளே அக்காவுக்கும் எனக்கும் குரல்பதிவு அனுப்பினாள். அவள் குரலை அப்போதுதான் கேட்டேன். இருபத்து மூன்று, நான்கு வயதுதான் இருக்கும். குழந்தை ஒன்று பக்கத்தில் எதையோ தட்டிக்கொண்டிருந்தது.

“சூடம் வாங்கி வெச்சிருந்தாங்க. பத்த வெக்கறதுக்கு முன்னாடியே நான் சொல்லிப்போட்டேங்க. அவரு திருந்தட்டுங்க, நான் வேண்டாங்கல. நல்லாத் திருந்தட்டும். அதை நான் இங்கிருந்தே பாத்துக்கறேன்னு.  எங்க பெரிய மாமன், ‘பாக்கறதுக்கு இதென்ன சினிமாவா அம்மணி?’ன்னாரு. சினிமான்னா ரெண்டரை மணி நேரத்துல முடிஞ்சிருமே மாமான்னேன். எங்கிருந்துதான் எனக்கு அந்தப் பேச்சு வந்துச்சோ! ‘எத்தன நாளைக்குப் பாப்பே?’ன்னாரு. தெரியலீங்கன்னேன். ‘பொம்பள பக்கத்துல இருந்தாத்தான ஆம்பள திருந்துவான்?’ன்னு அவிங்க அம்மா அழுதாங்க. எனக்கும் அழுகை வந்துருச்சு. பக்கத்துலதானங்க அத்தை இருந்தேன், ரெண்டு வருசம் இருந்தேனேன்னேன். அவரு போகும்போது புள்ளையத் தூக்கி முத்தம் குடுத்துட்டு, வாரம் ஒருக்கா வந்து பாக்கலாமான்னு கேட்டாரு. வாங்கன்னேன். வாசல்ல உக்காந்து பாத்துட்டுப் போங்கன்னேன்.” சிறிது நேரம் குழந்தை தட்டும் சத்தம். “எங்கப்பா இன்னும் எங்கிட்டப் பேசல. நான் பண்ணினது சரிங்களா அக்கா?”

அக்கா என்ன பதில் அனுப்பினார் என்று எனக்குத் தெரியாது. நான் ‘தைரியமா இருங்க’ என்று எழுதினேன். அனுப்பிய உடனே, தைரியம் என்னிடமே இல்லாதபோது இதென்ன வார்த்தை என்று கூசியது.

அடுத்த அத்தியாயத்தை அக்கா தறிகளை நிறுத்திவைத்துச் சொன்னார். சூடம் அணைத்தவன் அன்று சாயங்காலமே குடித்துவிட்டு வருகிறான். கதாநாயகி கதவைத் திறக்கவில்லை. அவ்வளவுதான். ‘நம்பிக்கையைக் கெடுத்துட்டீங்க அக்கா’, ‘நிஜத்துலதான் அழறோம், இங்கயுமா?’ என்று வாசகிகள் கொதித்தார்கள். அவர்கள் கேட்டதிலும் நியாயம் இருந்தது. நாள் முழுக்க வேலை செய்து களைத்தவள், ஒருவனாவது எங்காவது திருந்துகிறான் என்று பார்க்க வருகிறாள். அவளுக்கு அதைக்கூடத் தராத கதை எதற்கு? அதே நம்பிக்கைதான் ஒருத்தியைப் பெட்டி கட்ட வைக்கவும் பார்த்தது. இரண்டையும் பிரிக்கும் கோட்டைத் தாளில் போட எனக்குத் தெரியவில்லை, அக்காவுக்கும் தெரியவில்லை. கதையில் மாற்றத்துக்கு ஒரு பக்கம் இருக்கிறது, விரல் வைத்து இங்கேதான் என்று காட்டலாம். அந்த அண்ணனுக்கு அப்படி ஒரு பக்கம் கிடைக்கவில்லை. அவர் தினமும் சட்டையைப் போடுகிறார், தினமும் போகாமல் இருக்கிறார்.

அந்தக் கதை அங்கேயே நின்றுவிட்டது. சில வாரம் கேட்டுப் பார்த்தேன். “எனக்கே தெரியாதுன்னுட்டாரு. இனி என்னத்தக் கண்ணு கண்டுபுடிக்கறது?” என்றார். சொன்ன குரலில் வருத்தம் இல்லை. ஏதோ சுமை இறக்கியவர் போல இருந்தது, ஆனால் இறக்கியதும் கை எங்கே வைப்பது என்று தெரியாதவர் போலவும் இருந்தது. பிறகு தறிகளை ஆள் வைத்து ஓட்டக் கொடுத்துவிட்டு, இருவரும் ஓசூரில் மகள் வீட்டுக்குப் போய்விட்டார்கள். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் கூப்பிடுகிறார். சாயங்காலமானால் இப்போதெல்லாம் அண்ணனே, “வா, சித்த நடந்துட்டு வரலாம்” என்று அவரைக் கூட்டிக்கொண்டு போகிறாராம். போகும்போது எதுவும் பேசிக்கொள்வதில்லை, ஆனால் அந்தப் பயத்தை இப்போது இரண்டு பேரும் சேர்ந்து நடத்திக்கொண்டு போகிறோம் என்றார். அவர் எழுதியதிலேயே நல்ல வரி அது என்று நினைத்தேன். எழுதிக்கொள்ளச் சொல்லி அவர் சொல்லவில்லை.

நான் மறுபடி பள்ளியில் பாடம் நடத்துகிறேன். மகள் எல்.கே.ஜி. போகிறாள். மதியத் தூக்கம் போய்விட்டதால் எனக்கும் மதியம் போய்விட்டது. கோபிப் பெண் எப்போதாவது பேசுவாள். ஊரிலேயே ஒரு துணிக்கடையில் கணினியில் பில் போடுகிறாள். அவள் அப்பா பேசத் தொடங்கிவிட்டார், குழந்தையைப் பால்வாடியில் விடுவது அவர்தான். ஒவ்வொரு முறையும் நான் கேட்காமல் இருக்கப் பார்ப்பேன். கேட்பது அவளை அவசரப்படுத்துவது போல ஆகிவிடுமோ, கேட்காமல் இருப்பது அக்கறை இல்லாதது போல ஆகிவிடுமோ என்று இரண்டு பக்கமும் யோசித்து, கடைசியில் கேட்டே விடுவேன். போன வாரமும் கேட்டேன்.

“வர்றாருங்க. வாராவாரம் தவறாம வர்றாரு. வாசல்ல சேரு போட்டு உக்காந்து, புள்ளகூட வெளையாடிட்டுப் போறாரு. போன வாரம் நல்லாத்தான் இருந்தாரு.”

“இந்த வாரங்க?”

அவள் சிரிக்கிறாளா என்று எனக்குத் தெரியவில்லை.

“வாசன ஒண்ணும் வரலீங்க அக்கா. ஆனா காத்து அந்தப் பக்கமா அடிச்சுட்டு இருந்துச்சு. அதனால உறுதியாச் சொல்ல முடியாதுங்க. அடுத்த வாரம் பாக்கறேன்.”